'எச்' யார்? 'லைன் ஆஃப் டியூட்டி' ஆறாம் பருவமும் பார்வையாளர்களின் ஏமாற்றமும்

'லைன் ஆஃப் டியூட்டி' பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் 2012ஆம் ஆண்டு தொடங்கிய காவல்துறைத் தொடர். வழக்கமான துப்பறியும் தொடர்களில் போலீசார் குற்றவாளிகளைத் தேடுவார்கள். இதில் போலீசாரையே போலீசார் தேடுகிறார்கள். பெயர் சொல்லப்படாத ஓர் ஆங்கிலேய நகரத்தின் 'சென்ட்ரல் போலீஸ்' என்ற கற்பனைப் படையில் 'ஏசி-12' எனப்படும் ஊழல் தடுப்புப் பிரிவு இயங்குகிறது. அதன் தலைவர் டெட் ஹேஸ்டிங்ஸ் (நடிகர் ஏட்ரியன் டன்பார்). அவருக்குக் கீழே ஸ்டீவ் ஆர்னட் (மார்ட்டின் காம்ப்ஸ்டன்), கேட் ஃபிளெமிங் (விக்கி மெக்ளூர்) ஆகிய இருவர். தொடரை எழுதி உருவாக்கியவர் ஜெட் மெர்க்கூரியோ. எழுத்தாளராவதற்கு முன் மருத்துவமனையில் மருத்துவராக வேலை பார்த்தவர்.

ஆறாம் பருவம் 2021 மார்ச் 21 முதல் மே 2 வரை, ஞாயிறு இரவு 9 மணிக்கு, ஏழு அத்தியாயங்களாக ஒளிபரப்பானது. கடைசி அத்தியாயத்தை அன்றிரவே சராசரியாக 1 கோடியே 28 லட்சம் பேர் பார்த்தனர். அந்நேரத்தில் பிரிட்டனில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினசரிக் குடும்பத் தொடர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இன்றைய முறையில் கணக்கெடுப்பு தொடங்கிய 2002 முதல் வேறெந்த நாடகத் தொடருக்கும் ஒளிபரப்பான இரவிலேயே இவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை. அந்தக் கூட்டத்தில் பெரும் பகுதி, நிகழ்ச்சி முடிந்த சில நிமிடங்களிலேயே ஏமாந்துவிட்டதாகச் சொல்லிக் கோபப்பட்டது. சமூக ஊடகங்கள் புலம்பலும் கேலியுமாக நிரம்பின. பத்திரிகை விமர்சகர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள்.

அந்தக் கோபம் நியாயமானதா என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. கதையின் முடிவைச் சொல்லாமல் அதைச் செய்ய இயலாது. இனிமேல்தான் பார்க்கப் போகிறோம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஓர் எழுத்து பிடித்த கதை

தொடரின் முதல் மூன்று பருவங்கள் பிபிசி இரண்டாம் அலைவரிசையில் வந்தன. நான்காம் பருவத்தில் (2017) முதல் அலைவரிசைக்கு மாறியது. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு புதிய அதிகாரி சந்தேகத்துக்கு ஆளாவார். லென்னி ஜேம்ஸ், கீலி ஹாவ்ஸ், டேனியல் மேஸ், தாண்டிவே நியூட்டன், ஸ்டீஃபன் கிரஹாம் என்று பெரிய நடிகர்கள் வரிசையாக அந்த இடத்தில் வந்தார்கள். ஆறாம் பருவத்தில் அந்த இடம் ஜோ டேவிட்சனாக நடித்த கெல்லி மெக்டொனால்டுக்கு.

இத்தொடரின் உயிர்நாடி விசாரணை அறைதான். ஒலிப்பதிவுக் கருவி நீளமாக ஒரு சத்தம் எழுப்பும். அது நிற்கும்வரை மேசையின் இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிறகு பத்து, பதினைந்து நிமிடங்களுக்குக் கேள்வியும் பதிலும் மட்டுமே. துப்பாக்கிச் சண்டை இல்லை, ஓட்டம் இல்லை. விசாரிக்கப்படும் அதிகாரி, தன்னைவிட ஒரு படியாவது மேலான பதவியில் இருப்பவர்தான் தன்னைக் கேள்வி கேட்க வேண்டும் என்று உரிமை கொண்டாடுவார். இந்த வாசகம் வரும்போதெல்லாம் பார்வையாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு நாட்டு மக்களை அலுவலக நடைமுறையைக் கேட்டு ரசிக்க வைப்பது சின்னக் காரியம் இல்லை.

முதல் மூன்று பருவங்களின் பெரிய ரகசியம் ஏசி-12க்கு உள்ளேயே இருந்த துரோகி மேத்யூ காட்டன். செல்லப்பெயர் டாட், அதாவது 'புள்ளி'. அவர் சாகும் தறுவாயில் கொடுத்த வாக்குமூலத்திலிருந்து 'எச்' என்ற ஓர் எழுத்து கிடைத்தது. குற்றக் கும்பலுக்குத் துணை நிற்கும் மேலதிகாரியின் அடையாளம் அது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் தொடரைப் பார்ப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது. ஹில்டன், ஹன்ட்லி, ஹார்கிரீவ்ஸ் என்று 'எச்' எழுத்தில் தொடங்கும் பெயர்களையெல்லாம் மக்கள் பட்டியலிட்டார்கள். நேர்மையின் உருவமாகக் காட்டப்பட்ட ஹேஸ்டிங்ஸ் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது. ஐந்தாம் பருவம் (2019) முழுவதும் அந்தச் சந்தேகத்தின் மேலேயே நடந்தது.

அந்தப் பருவத்தின் கடைசியில் ஒரு திருப்பம் வந்தது. காட்டன் சாகும்போது அவருடைய கை தட்டிக்கொண்டிருந்ததை மறுபடி பார்க்கிறார்கள். மோர்ஸ் தந்திக் குறியீட்டில் 'எச்' என்பதற்கு நான்கு புள்ளிகள். ஆக, அவர் சொல்ல வந்தது ஒரு பெயரின் முதலெழுத்தை இல்லை, நான்கு என்ற எண்ணிக்கையை. காட்டன், ஹில்டன், சட்ட ஆலோசகர் கில் பிகலோ என மூவர் தெரிந்துவிட்டார்கள். மிச்சம் ஒருவர். இந்த இடத்திலேயே மெர்க்கூரியோ நமக்கு ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டார் என்று இப்போது திரும்பிப் பார்த்தால் தெரிகிறது. 'எச்' என்று ஒரு தனி ஆள் இல்லை என்று தொடரே சொல்லிவிட்டது. ஆனால் பார்வையாளர்கள் அந்த எழுத்தை விடவில்லை. விடும்படி தொடரும் செய்யவில்லை. 'நான்காவது ஆள்' என்று பெயரை மாற்றி, அதே ஆவலை அப்படியே ஆறாம் பருவத்துக்குக் கொண்டுபோனது.

ஏழு ஞாயிற்றுக்கிழமைகள்

ஆறாம் பருவத்தின் படப்பிடிப்பு பெல்ஃபாஸ்ட் நகரில் நடந்தது. கொரோனா பரவியதால் 2020 மார்ச்சில் நின்று, செப்டம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. அது ஒளிபரப்பானபோது பிரிட்டன் மூன்றாவது ஊரடங்கிலிருந்து மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. கடைசி அத்தியாயம் வந்த மே 2ஆம் தேதி இங்கிலாந்தில் மதுக்கூடங்களுக்கு உள்ளே உட்கார இன்னும் அனுமதி இல்லை. வீட்டில் அடைந்து கிடந்த ஒரு நாடு, ஒரே இரவில், ஒரே நேரத்தில், ஒரே புதிரைப் பார்த்தது. எல்லா அத்தியாயங்களையும் மொத்தமாக வெளியிட்டு, விருப்பமானபோது பார்த்துக்கொள்ளச் சொல்லும் காலத்தில் இது பழைய வழக்கம். வாரம் ஒன்றாக வந்ததால் நடுவில் ஆறு நாட்கள் ஊகிக்கக் கிடைத்தன. முதல் வாரத்தில் 'சிஸ்' என்ற சுருக்கெழுத்து ஓயாமல் வந்ததும், அது என்ன என்று நாடே குழம்பியது. ரகசியமாகத் துப்புக் கொடுக்கும் ஆளைக் குறிக்கும் காவல்துறைச் சொல் அது. இந்தக் குழப்பத்தையும் மக்கள் ரசித்தார்கள்.

ஊகங்கள் உயரே போய்க்கொண்டிருந்தன. நான்காவது ஆள் ஹேஸ்டிங்ஸா? முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு வரும் பட்ரீஷியா கார்மைக்கேலா? சீஃப் கான்ஸ்டபிள் ஃபிலிப் ஆஸ்போர்னா? (பெயரைப் பார்த்து நம்மூர்த் தலைமைக் காவலர் என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனில் அது ஒரு காவல் படையின் உச்சப் பதவி.) ஓய்வுபெற்ற அதிகாரி மார்க்கஸ் தர்வெல் என்ற புதுப் பெயர் வந்தது. ஜேம்ஸ் நெஸ்பிட் என்ற புகழ்பெற்ற நடிகரின் புகைப்படம் அந்தப் பெயரோடு காட்டப்பட்டது. இவ்வளவு பெரிய நடிகரைச் சும்மாவா போடுவார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். சும்மாதான் போட்டிருந்தார்கள். நெஸ்பிட் கடைசிவரை புகைப்படத்தில் மட்டுமே இருந்தார். பார்வையாளரின் அனுபவ அறிவையே அவருக்கு எதிராகத் திருப்பிய இந்தக் குறும்பை நான் ரசித்தேன். கடைசி இரவின் கோபத்தில் இதுவும் ஒரு குற்றமாகச் சேர்க்கப்பட்டது.

பக்கிள்ஸ்

சிறையிலிருந்து ஒருவரை முகம் தெரியாமல் அழைத்து வருகிறார்கள். கதவு திறக்கிறது. உள்ளே வருபவர் இயன் பக்கிள்ஸ் (நைஜல் பாயில்). முதல் பருவத்திலிருந்தே அவ்வப்போது தலைகாட்டிய அதிகாரி. சோம்பேறி, அரைகுறை, மேலதிகாரிகளுக்குத் தலையாட்டி, வேலையைக் கெடுப்பவர், ஆனாலும் எப்படியோ பதவி உயர்வு வாங்கிக்கொண்டே இருப்பவர். ஆறாம் பருவத்தின் முன்பகுதியிலேயே கைதாகிவிட்டதால் சந்தேகப் பட்டியலில் இருந்து பார்வையாளர்கள் அவரை அடித்துவிட்டிருந்தார்கள்.

அவரைக் காட்டிக்கொடுத்தது ஓர் எழுத்துப்பிழை. 'நிச்சயமாக' என்று பொருள்படும் 'டெஃபினிட்லி' என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஐ' வரவேண்டிய இடத்தில் 'ஏ' போட்டு எழுதும் பழக்கம் அவருக்கு. கும்பலுக்குப் போன ரகசியச் செய்திகளிலும் அதே பிழை இருந்தது. இதைப் பலர் கேலி செய்தார்கள். ஒன்பது ஆண்டுப் புதிருக்கு விடை எழுத்துப்பிழையா என்று கேட்டார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் கட்டுரை நோட்டுத் திருத்தியவன் என்ற முறையில் இங்கே நான் மெர்க்கூரியோ பக்கம். சரியாக எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவார்கள், தப்பு மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடும். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவனை வாத்தியார் பிடிப்பது சரியான விடையை வைத்தா? இருவர் நோட்டிலும் இருக்கும் ஒரே தப்பை வைத்துத்தானே! விரல் ரேகையைத் துடைக்கலாம், தொலைபேசியை எரிக்கலாம். தனக்கே தெரியாத பிழையை ஒருவன் எப்படி மறைப்பான்? ஒழுங்காக ஒரு சொல்லை எழுதத் தெரியாதவர் கண்காணிப்பாளர் பதவிவரை வந்திருக்கிறார், ஒருவரும் அவரைத் திருத்தவில்லை என்ற செய்தியும் இந்தத் துப்புக்குள்ளேயே இருக்கிறது.

விசாரணையில் வெளிப்படுவது இதுதான். பக்கிள்ஸ் எதையும் திட்டமிட்டவர் இல்லை. கும்பலின் தலைவன் இறந்தபின் சிதறிய ஆட்களுக்கு இடையே செய்தி கொண்டுபோய்க் கொடுத்தார், காசு வாங்கினார், கேட்டதைச் செய்தார். அவருடைய ஊழலை எல்லோரும் திறமையின்மை என்று நினைத்துக்கொண்டார்கள். முட்டாளை யாரும் சந்தேகப்படுவதில்லை, மேலே இருப்பவர்களுக்கு முட்டாள் வசதியாகவும் இருக்கிறான்.

கருத்தளவில் இது தொடரின் மற்ற எல்லா முடிவுகளையும்விட முதிர்ச்சியானது. நிழலில் உட்கார்ந்து நூல்பாவை ஆட்டும் மாபெரும் சதிகாரன் ஒருவன் இருந்தால் உலகம் எவ்வளவு எளிதாகிவிடும்! அவனைப் பிடித்துவிட்டால் படை முழுவதும் சுத்தம். அப்படி ஒருவன் இல்லை என்றால் படைத்தலைமை, அரசியல், ஆண்டுக்கணக்கில் கண்டுகொள்ளாமல் இருந்தவர்கள் என்று எல்லோரையும் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். தொடரின் கடைசித் திரை எழுத்துகளும் இதைத்தான் சொல்லின. ஊழலைத் தட்டிக் கேட்கும் ஏசி-12இன் அதிகாரம் முன்னெப்போதையும்விட மெலிந்துபோயிருக்கிறது என்று எழுதிவிட்டுத் தொடர் முடிந்தது.

அப்படியானால் பார்வையாளர்களின் கோபம் தவறா? அன்று தொடரை ஆதரித்தவர்களில் சிலர் அப்படித்தான் சொன்னார்கள். மக்களுக்குப் புதிர் மட்டும்தான் வேண்டும், உண்மை சுடுகிறது, அதனால் கத்துகிறார்கள் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது ஒப்பவில்லை. கோபப்பட்டவர்களில் பலர் தொடரின் கருத்தைப் புரிந்துகொண்டுதான் கோபப்பட்டார்கள்.

இதற்கு ரயன் பில்கிங்டன் என்ற பாத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். முதல் பருவத்தில் சைக்கிளில் சுற்றிக்கொண்டு கும்பலுக்கு எடுபிடி வேலை செய்யும் சிறுவன். ஐந்தாம் பருவத்தில் வளர்ந்துவிட்டான். அதே நடிகர் கிரெகரி பைப்பர். கும்பலே அவனைப் போலீசில் சேர்த்துவிடுகிறது. ஆறாம் பருவத்தில் சீருடையோடு நிற்கிறான். அவன் முகத்தைப் பார்த்ததும் பார்வையாளர்கள் பதறினார்கள், மகிழவும் செய்தார்கள், ஏனென்றால் விதைத்தது முளைத்ததை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். பக்கிள்சும் 2012லேயே விதைக்கப்பட்டவர்தான். ஆனால் அவர் வந்த காட்சிகளில் சிரிப்பைத் தவிர வேறொன்றும் நம் கையில் கொடுக்கப்படவில்லை. 'இவ்வளவு மட்டமான ஆளை யார் தொடர்ந்து மேலே தூக்கிவிடுகிறார்கள்' என்று ஆர்னட்டோ ஃபிளெமிங்கோ நடுவில் ஒரு தடவையாவது உரக்கக் கேட்டிருந்தால், அந்தக் கேள்வி நம் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கும். கதவு திறந்தபோது 'இவனா' என்ற சலிப்புக்குப் பதிலாக 'அடடா, இவன்தானே' என்று தோன்றியிருக்கும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. நிறுவனம்தான் குற்றவாளி என்று சொல்ல வந்த தொடர், நிறுவனத்தை மேசைக்கு முன்னால் உட்கார வைக்கவில்லை. ஆஸ்போர்ன் யார்? முதல் பருவத்தின் முதல் காட்சிகளில் தவறான வீட்டுக்குள் புகுந்து நிரபராதி ஒருவரைச் சுட்டுக் கொன்றபின், அதை மறைக்கும்படி தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதிகாரி. பொய் சொல்ல மறுத்ததால்தான் ஆர்னட் ஏசி-12க்கே வந்தார். அந்த ஆஸ்போர்ன் ஆறாம் பருவத்தில் படையின் தலைவர். தொடரின் உண்மையான வட்டம் அங்கேதான் முடிந்திருக்க வேண்டும். அவர் பத்திரிகையாளர்களிடம் பேசுகிறார், போகிறார், அவ்வளவே. பக்கிள்சை விசாரித்த காட்சியும் பழைய விசாரணைகளின் அழுத்தத்தை எட்டவில்லை. எதிரே இருப்பவர் புத்திசாலியாக இருந்தால்தானே அந்த அறையில் ஆட்டம் சூடுபிடிக்கும்.

ஒப்பிட ஒரு தொடர் இருக்கிறது. சாலி வெயின்ரைட் எழுதிய 'ஹாப்பி வேலி', ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்த மூன்றாம் பருவத்தோடு 2023 பிப்ரவரி 5 அன்று முடிந்தது. அதிலும் வெடியோ துரத்தலோ உச்சக்கட்டமாக வரவில்லை. காவல் அதிகாரி கேத்தரின் காவுட்டும் (சாரா லங்காஷயர்) அவர் குடும்பத்தைச் சிதைத்த டாமி லீ ராய்சும் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். அதே பருவத்தில் மருந்துக்கடைக்காரர் ஒருவரின் கிளைக்கதை அவசரமாக முடிக்கப்பட்டது என்று பலர் குறைப்பட்டார்கள். இருந்தும் முடிவைப் பெரும்பாலோர் கொண்டாடினார்கள். சிறிய முடிவு என்பதற்காக மக்கள் எதையும் வெறுப்பதில்லை. முதல் பருவத்திலிருந்து நாம் காத்திருந்தது அந்த இருவரும் நேருக்கு நேர் பேசுவதற்கு. அது நடந்தது.

ஆறு வாரம் கழித்து

'லைன் ஆஃப் டியூட்டி'யின் ஆறாம் பருவம் உண்மை நிகழ்வுகளுக்கு மிக அருகில் நடந்தது. கொலையான பத்திரிகையாளர் கெயில் வெல்லாவின் கதை, 2017இல் மால்டா தீவில் கார் குண்டு வைத்துக் கொல்லப்பட்ட டாஃப்னி கரவானா கலிசியாவை நினைவூட்டியது. இனவெறியால் கொல்லப்பட்டு, விசாரணையும் குளறுபடியான கறுப்பின இளைஞருக்குத் தொடர் வைத்த பெயர் லாரன்ஸ் கிறிஸ்டஃபர். 1993இல் லண்டனில் கொல்லப்பட்ட ஸ்டீஃபன் லாரன்சையும், 1998இல் ஹல் நகரக் காவல் நிலையத்தில் இறந்த கிறிஸ்டஃபர் ஆல்டரையும் அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசி அத்தியாயம் வந்து ஆறு வாரத்தில், 2021 ஜூன் 15 அன்று, டேனியல் மார்கன் வழக்கைப் பற்றிய சுயேச்சைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. மார்கன் தனியார் துப்பறிவாளர். 1987 மார்ச் 10 அன்று தெற்கு லண்டனில் ஒரு மதுக்கூடத்தின் கார் நிறுத்துமிடத்தில் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். விசாரணைமேல் விசாரணை நடந்தும் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. தன் பெயர் கெடக்கூடாது என்பதற்காகத் தவறுகளை மறைப்பதும் மறுப்பதும் நிறுவன ரீதியான ஊழலில் ஒருவகை என்று அந்தக் குழு லண்டன் பெருநகரக் காவல்துறையைப் பற்றி எழுதியது. காவல்துறை ஆணையர் அந்த முடிவை ஏற்கவில்லை.

அந்த அறிக்கையைத் தொடரின் முடிவோடு சேர்த்துப் பார்க்கும்போது மெர்க்கூரியோவின் கணிப்பு சரியென்று தெரிகிறது. தொடர் எங்கே தவறியது என்பதும் அதே அறிக்கையால்தான் புலப்படுகிறது. அறிக்கை கடைநிலைக் கையாளோடு நிற்கவில்லை, தலைமையை நோக்கி விரல் நீட்டியது. தொடர் பக்கிள்சோடு நின்றது. கொலையானவரின் குடும்பம் முப்பத்து நான்கு ஆண்டு காத்திருந்து படித்த அறிக்கையில் இருந்த அந்தத் துணிச்சலை, ஒன்பது ஆண்டு காத்திருந்த பார்வையாளர் ஒரு நாடகத்திடம் எதிர்பார்த்ததில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை.

2025 நவம்பரில் ஏழாம் பருவத்தை பிபிசி அறிவித்தது. காம்ப்ஸ்டன், மெக்ளூர், டன்பார் மூவரும் திரும்புகிறார்கள். ஆறாம் பருவம் முடியும்போது ஹேஸ்டிங்ஸ் கட்டாய ஓய்வில் தள்ளப்பட்டிருந்தார், ஏசி-12 கலைக்கப்படும் நிலையில் இருந்தது, ஆஸ்போர்ன் தன் நாற்காலியில் இருந்தார். அவரை விட ஒரு படி மேலான அதிகாரி அந்தப் படையில் கிடையாது. கண்ணாடி அறையில் அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்க யாரைக் கூப்பிடுவார்கள் என்பதுதான் ஆறாம் பருவம் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி.